கட்டைவிரல் வகுப்பு

ஜனவரி 11

தங்கைக்கு,

உறையின் மேல் இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். பயப்படாதே, பழையதைக் கிளற எழுதவில்லை. காரியமாகத்தான் எழுதுகிறேன்.

பொட்டுக்கு வருகிற ஜூன் இரண்டாம் தேதி ஆறு வயது முடிகிறது. தாயோடு சிறையில் இருக்கும் பிள்ளையை ஆறு வயது வரைதான் இங்கே வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வெளியே உறவினர் யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் காப்பகம். அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘உறவினர்’ என்று போட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நான்கு நாள் யோசித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். உன்னைக் கேட்காமல்தான் எழுதினேன். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். இங்கே பேனா தரமாட்டார்கள், எல்லாம் பென்சில்தான்.

பொட்டு என்பது நான் வைத்த பெயர் இல்லை. பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாள். பிரசவ வார்டு ஆயா தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன இது, பொட்டு மாதிரி இருக்கு” என்றார். அதுவே நின்றுவிட்டது.

நான் சும்மா இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்தவள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் அறையை என் தலையில் கட்டிவிட்டார்கள். என்னைப்போன்ற தாய்மாரோடு உள்ளே இருக்கும் பிள்ளைகள், மொத்தம் ஒன்பது பேர். மூத்தவள் பொட்டு. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு பாய், ஒரு பெஞ்சு, என் தலைக்கு மேலே ஒரு ஜன்னல்.

பதில் எழுது. கோபமாகவாவது எழுது. கடிதம் வருவதும் போவதும் அலுவலகத்தில் படித்துப் பார்த்த பிறகுதான். அதை மனதில் வைத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 3

அக்கா,

கோபமாகவாவது எழுது என்றாய். அதற்கென்ன குறைச்சல்.

நீ உள்ளே போன முதல் வருஷம் மூன்று கடிதம் போட்டேன். மூன்றும் ‘பெற மறுத்தார்’ என்று முத்திரை குத்திப் பிரிக்காமலே திரும்பி வந்தன. உனக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு ஒரு வருஷம் தெரியாது. கடைசியில் உன் வக்கீலின் குமாஸ்தாவைத் தெருவில் நிறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது படிவத்தில் ஓர் இடம் காலியாக இருந்ததும் தங்கை ஞாபகம் வந்துவிட்டது.

இந்த வீடு உனக்குத் தெரியாததா? அக்காவும் தங்கையுமாக ஒரே வீட்டு அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தோம். உன் வீட்டுக்காரர் பெரியவர், என் வீட்டுக்காரர் சின்னவர். ஒரே வீட்டில் இருந்தால் ஒருவருக்கு ஒருவர் துணை என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியவர் மொட்டை மாடியின் இரும்புப் படியிலிருந்து விழுந்து இறந்த நாளிலிருந்து, மகனைப் பறிகொடுத்த மாமா அந்தப் பக்கக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறார். துணி உலர்த்த மாடிக்குப் போக வழியில்லை. சமையலறையில்தான் கொடி. இத்தனை வருஷமாக ஈரத்துணிக்கு நடுவில் நின்று சமைக்கிறேன்.

வெளியே போவது தெருமுனைத் தையல் கடைக்கு மட்டும். சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறேன். சின்னவர் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் வந்து அழைத்துப் போகிறார். அன்பால் இல்லை, மாமா சொன்னதால்.

உன் கடிதத்தைச் சின்னவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அப்பா காதில் போடாதே என்றார், அவ்வளவுதான். இனிமேல் கடை விலாசத்துக்கு எழுது. கடைக்காரம்மா வாங்கி வைப்பார்.

முடியும் என்று நான் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை யார் ஜாடை? உன்னைப்போல் வரைவாளா?

தங்கை


பிப்ரவரி 19

தங்கைக்கு,

கடிதங்களை ஏன் திருப்பினேன் என்று இப்போது சொல்லப்போவதில்லை. சொன்னால் சண்டையாகும். எனக்கு உன்னிடம் காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

ஜாடை கேட்டாய். நெற்றி அவருடையது, மறைக்க முடியாது. கோபம் வந்தால் உன்னைப்போல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள்.

வரைவாளா என்றும் கேட்டாய். முன்பெல்லாம் வாரம் ஒரு நாள் வெளியிலிருந்து ஓர் அம்மா கிரேயான் பெட்டியோடு வருவார். நல்ல மனுஷி. பிள்ளைகளிடம் வீடு வரையச் சொன்னார். ஒன்பது பேரும் கதவு வரைந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் கதவு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கதவு. சரி, மரம் வரையுங்கள் என்றார். ஒருவர் கையும் அசையவில்லை. மதிலுக்கு மேலே தெரிகிற இலைக்கொத்துதான் இவர்களுக்கு மரம். அதற்கு அடியில் தண்டு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மறு வாரம் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பொட்டு என்னிடம் வந்து, “மரம்னா என்னன்னு தெரிஞ்சிருந்தா அவங்க அழுதிருக்க மாட்டாங்கல்லம்மா?” என்றாள்.

பார்க்காததை வரையச் சொல்லி இந்தப் பிள்ளைகளை இனி வெட்கப்படுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன். எதையுமே பார்த்திராதவர்களும் செய்யக்கூடிய ஓவியம் ஒன்று இருக்கிறதே. ஒரு வடிவத்தை எடு. பக்கத்தில் அதையே வை. அதற்குப் பக்கத்தில் மறுபடியும் அதையே வை. அதற்கு மரமும் தெரிய வேண்டாம், கடலும் தெரிய வேண்டாம்.

ஆனால் எதை வைத்துச் செய்வது? கத்தி, கத்தரிக்கோல் எதுவும் அறைக்குள் வரக்கூடாது. தூரிகையில் குச்சி இருக்கிறது, அதனால் அதுவும் கூடாது. அலுவலகத்தில் கைதிகளிடம் கைரேகை எடுக்கும் மைப்பெட்டி ஒன்று பழசாகித் தூக்கிப்போடக் கிடந்தது. எங்கள் வார்டுக் காவலரிடம் சொன்னேன். சாவிக்காரம்மா என்று பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் கேட்டு வாங்கிக் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு கட்டைவிரல் இருக்கிறது. அதை யாரும் பறிமுதல் செய்ய முடியாது.

முதல் நாள் ஒரே வரிசை. ஒரு ரேகை, ஒரு ரேகை, ஒரு ரேகை, தாள் முடியும் வரை. அடுத்த நாள் நிற்பது ஒன்று, படுத்தது ஒன்று. மூன்றாம் வாரம் இடம் விடுவது. அதைச் சொல்லித் தருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. காலி இடத்தைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். வாயாடி என்று ஒரு நாலு வயசுக்காரி மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். மூன்று வைத்து ஒன்றை விட்டாள், மூன்று வைத்து ஒன்றை விட்டாள். ஏன் அங்கே வைக்கவில்லை என்று கேட்டால், “அது ரிலீஸ் ஆயிடுச்சு டீச்சர்” என்கிறாள். சாவிக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பொட்டு வேறு மாதிரி. அவளுக்கு நிறுத்தத் தெரியாது. தாள் முடிந்தால் பெஞ்சு, பெஞ்சு முடிந்தால் தரை. ஒரு நாள் தாளின் ஓரத்தில் ரேகை பாதிதான் விழுந்தது. மீதி எங்கே என்று கேட்டாள். தாள்தான் முடிந்துபோச்சு, வரிசை முடியவில்லை, அது அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும் என்றேன்.

“மதிலத் தாண்டியா?” என்றாள்.

நான் மைப்பெட்டியை மூடி வைத்தேன்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

வாயாடி சொன்னதைப் படித்துவிட்டுக் கடையில் தனியாகச் சிரித்தேன். கடைக்காரம்மா ஒரு மாதிரி பார்த்தார். அந்தச் சிரிப்பெல்லாம் போன வாரத்தோடு போயிற்று.

மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. நீ படிவத்தில் எழுதிய விலாசத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் நல அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். மாமா சத்தம் போடவில்லை. அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வீட்டைச் சுற்றிக் காட்டினார். “என் பேத்தி” என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதிகாரி போன பிறகு என்னையும் சின்னவரையும் நிற்கவைத்துப் பேசினார். “பிள்ள வரட்டும். அது என் ரத்தம். ஆனா வாசப்படி தாண்டி உள்ள வந்த நாள்லேருந்து அதுக்கு அம்மா கிடையாது. செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க. கடுதாசி கிடையாது, பாக்கப் போறது கிடையாது.”

சின்னவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். இந்த வீட்டில் என் தலை என்னைக் கேட்காமலே ஆடப் பழகிவிட்டது.

இதை உனக்கு எழுதாமல் மறைத்திருக்கலாம். பிள்ளை வந்த பிறகு தெரியட்டும் என்று விட்டிருக்கலாம். மனசு வரவில்லை. இங்கே அவளுக்குத் தனிக் கட்டில், நல்ல பள்ளிக்கூடம். காப்பகத்தில் நூற்றோடு நூற்றொன்று. நீ வெளியே வர இன்னும் நான்கு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

தங்கை


ஏப்ரல் 1

தங்கைக்கு,

என்னைச் சாகடித்துவிட்டு என் பிள்ளைக்குக் கட்டில் போடுகிறீர்கள். பெரிய மனசுதான்.

படிவத்தில் உன் பெயரை அழித்துவிட்டேன். காப்பகம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அங்கிருந்து மாதம் ஒரு முறை அழைத்து வருவார்களாம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பாள். அது போதும்.

இனி உன்னிடம் ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. அதனால் சண்டையானாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன். அலுவலகத்தில் படிக்கிறவர்களும் படிக்கட்டும்.

நீதிமன்றத்தில், அக்கா தள்ளியதைப் பார்த்தேன் என்றாய். உண்மை. தள்ளினேன். அதற்கு முன்னால் எதையும் பார்க்கவில்லை என்றாய். படிக்குக் கீழே துணி வாளியோடு நின்றது யார்? அவருடைய இரண்டு கையும் என் கழுத்தில் இருந்தன. எனக்கு எட்டு மாத வயிறு. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கடைசியாகத் தெரிந்தது உன் முகம்தான். நீ வாளியைக் கீழே வைத்தாய். ஓடி வரப்போகிறாய் என்று நினைத்தேன். வைத்துவிட்டு அப்படியே நின்றாய். அதற்குப் பிறகுதான் தள்ளினேன்.

என்னை டாக்டரிடம் காட்டியது ஐந்தாம் நாள். அதற்குள் கழுத்தில் தடம் மறைந்துவிட்டது. இருந்த ஒரே சாட்சி நீ. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிவிட்டாய். நீ முழுங்கியதற்குத்தான் எனக்குப் பத்து வருஷம்.

வகுப்பு நடக்கிறது. பொட்டு நேற்று மூன்று மணி நேரம் ஒரே வரிசையை வைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை, சாப்பாட்டுத் தட்டு சத்தம் கேட்டும் எழவில்லை. அவளைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. ஒரே சுவர், ஒரே மணி, ஒரே சாப்பாடு என்று இருக்கிற பிள்ளைக்கு, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அது ஓவியமா, நானும் என் பங்குக்கு ஒரு பூட்டைப் போட்டேனா என்று தெரியவில்லை.

பதில் வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

இதையும் திருப்பி அனுப்பிவிடாதே. அனுப்பினாலும் நடந்தது மாறப்போவதில்லை.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. வாளியை வைத்தேன், கால் நகரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சாட்சி சொல்வதற்கு முதல் நாள் மாமா என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு வரி சொல்லிக் கொடுத்து, என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார். மறுநாள் உன் வக்கீல் கேட்டபோது அந்த இரண்டு வரிதான் வாயில் வந்தது. நீ கூண்டிலிருந்து என்னைப் பார்த்தாய். நான் தட்டச்சு செய்கிறவரின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை ஒன்பது நாள் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பத்தாம் நாள் காலை மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். “மாமா, அன்னைக்குப் பெரியவர் அக்கா கழுத்த நெரிச்சாரு. நான் பாத்தேன். கோர்ட்ல பாக்கலன்னு சொன்னது பொய்.”

அவர் பேப்பரை இறக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

“தெரியும்” என்றார். “பின்பக்க ஜன்னல்லேருந்து நானும் பாத்தேன்.”

பிறகு அவரே சொன்னார். “பிள்ளையே போயிட்டான். பேராவது கெடாம இருக்கட்டும்னு நெனச்சேன்.” சொல்லிவிட்டுப் பேப்பரை நான்காக மடித்து வைத்து எழுந்து போனார். நீங்களும் வந்து சொல்லுங்கள் என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன். கதவு சாத்திக்கொண்டது.

அன்றைக்கே உன் வக்கீலிடம் போய் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் மேல்முறையீட்டில் சேர்ப்பாராம். எப்போது விசாரணைக்கு வரும், வந்தாலும் ஏற்பார்களா, எதுவும் சொல்ல முடியாதாம். பொய்ச்சாட்சி சொன்னதற்கு என் மேல் வழக்கு வரலாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

இப்போது தையல் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். கடைக்காரம்மா இருக்கச் சொன்னார். சின்னவர்தான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கிவைத்துவிட்டு, “அப்பாவ விட்டுட்டு நான் வர முடியாது” என்றார். நான் வரச் சொல்லவே இல்லை. கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார்.

இங்கே மாடியில் கொடி இருக்கிறது. துணி வெயிலில் காய்கிறது. காய்ந்த பிறகும் எடுக்க மனசு வராமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பூட்டா என்று கேட்டிருந்தாய். நான் ஒரு நாளைக்கு இருநூறு காஜா போடுகிறேன், எல்லாம் ஒரே மாதிரி. சில நாள் அது பூட்டுதான். ஆனால் அந்த வீட்டில் அது இல்லாமல் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். பிள்ளையைத் திட்டி நிறுத்திவிடாதே.

படிவத்தில் என் பெயரைத் திரும்ப எழுது. விலாசம் மாறிவிட்டது.

தங்கை


மே 22

குட்டி,

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று மூன்று நாள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. வராததை எழுதினால் அதுவும் பாதி உண்மை மாதிரி ஆகிவிடும். ஆனால் படிவத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். முதல் தடவையைவிட அழுத்தி எழுதினேன். அதிகாரி வந்து உன் அறையைப் பார்த்துவிட்டுப் போனதாகவும், சரி என்று குறித்துவிட்டதாகவும் இன்று சொன்னார்கள்.

கவனமாகக் கேள். அவள் இருட்டில் தூங்கியதில்லை. இங்கே விளக்கை அணைப்பதே கிடையாது. நாயைப் பார்த்ததில்லை. ஆண் குரல் உரக்கக் கேட்டால் எதற்காவது பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். தூரம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. இங்கே எதை எடுத்தாலும் முப்பதடிக்குள் முடிந்துவிடுகிறது. தெருவைப் பார்த்ததும் மிரண்டுபோவாள், கையை விட்டுவிடாதே. பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள். இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சித்தி வீட்டுக்குப் போகிறாய் என்று சொல்லியிருக்கிறேன். ராத்திரி பூட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்துவிடலாமா என்று கேட்டாள். கொஞ்ச நாள் ஆகும் என்றேன். எத்தனை என்றாள். அவளுக்கு நூறு வரை எண்ணத் தெரியும். நூறுக்கு மேல் என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்கு நிறுத்தச் சொல்லிக் கொடுத்தேன். நீ சொன்ன மாதிரி திட்டவில்லை. பத்து வை, கையை எடு, எழுந்து தள்ளிப் போய் நின்று பார் என்றேன். இரண்டு நாள் அழுதாள். கையை எடுத்தால் யாராவது வந்து அழித்துவிடுவார்கள் என்று பயம். மூன்றாம் நாள் பத்தாவது ரேகையை வைத்துவிட்டுத் தானாக எழுந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிர்ச் சுவர் வரை பின்பக்கமாகவே நடந்து போனாள். நிற்பது ஒன்று, சாய்ந்தது ஒன்று என்று வைத்திருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அம்மா, இது நடக்குது” என்றாள்.

வாயாடியும் மற்றவர்களும் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஆமாம், நடக்கிறது, நடக்கிறது என்று அறை முழுக்க ஒரே கூச்சல். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன், அங்கே ஒரு பிள்ளைகூட எனக்கு இதைச் சொன்னதில்லை.

ஜூன் இரண்டாம் தேதி காலை ஒன்பதரை மணிக்குப் பெரிய கதவுக்கு வா. நான் உள்கதவு வரைதான் வரலாம்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

பதினைந்து நாளாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். பிள்ளை என்னை விட்டு நகர்ந்தால்தானே எழுதுவது.

அன்றைக்குச் சாவிக்காரம்மா அவள் கையைப் பிடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கதவு திறந்துதான் இருந்தது. பொட்டு அப்படியே நின்றாள். “போ” என்று யாராவது சொல்ல வேண்டும் என்று நிற்கிறாள் என்பது எனக்குப் புரியவில்லை. சாவிக்காரம்மாதான் சொன்னார். சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டார்.

தெருவில் சுவரைத் தொட்டுக்கொண்டேதான் நடக்கிறாள். சுவர் முடிந்த இடத்தில் நின்றுவிடுகிறாள். நாயைப் பார்த்து, இந்தப் பூனைக்கு ஏன் இவ்வளவு பெரிய வாய் என்று கேட்டாள். அறைக் கதவு சும்மா சாத்தியிருந்தாலும் தள்ளத் தெரியவில்லை, எதிரில் போய்ப் பேசாமல் நிற்கிறாள். தள்ளு, திறக்கும் என்று தினமும் சொல்கிறேன். நேற்று ஒரே ஒரு தடவை தள்ளினாள். திறந்ததும் பயந்து திரும்ப மூடிவிட்டாள்.

பகலில் கீழே கடையில் என்னோடு இருக்கிறாள். உடைந்த பட்டன்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் காஜா போட்டுக்கொண்டிருக்கிறேன், பின்னால் அசல் உன் குரல் கேட்கிறது. “முதல்ல ஒண்ணு வை. அவசரப்படாத. அதுக்குப் பக்கத்துல அதே மாதிரி வை.” ஊசி விரலில் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளைகள் தினமும் வருகிறார்கள். அவர்கள் மரம், வீடு, கார் எல்லாம் பார்த்தவர்கள். இருந்தும் அவள் சொல்கிற இடத்தில்தான் பட்டனை வைக்கிறார்கள்.

சின்னவர் ஒரு முறை வந்தார். கவுன் வாங்கி வந்திருந்தார். குரல் கேட்டதும் பொட்டு தையல் மிஷினுக்குப் பின்னால் போய்விட்டாள். பையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. பொய்ச்சாட்சி வழக்கு. உன் மேல்முறையீட்டுக்குத் தேதி இன்னும் போடவில்லை. ரொம்ப நம்பிக்கை வைக்காதீர்கள் என்று வக்கீல் சொல்கிறார். என்னையும் உள்ளே போட்டுவிட்டால் இவள் என்ன ஆவாள் என்று தினமும் கேட்கிறேன். கடைக்காரம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சும்மா இரு என்கிறார். சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கப்போவதில்லை. அதை உனக்கு எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்தேன்.

இன்னொன்று. சாயங்காலம் ஆறு மணியானால் போதும், பட்டன்களை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்து சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். முதுகு நேராக, இரண்டு கையும் முழங்காலில். சாப்பிடக் கூப்பிட்டால் எழுவதில்லை. உடம்புக்கு என்னவோ என்று முதல் நாள் பயந்துபோனேன். “எண்ண வரலியா?” என்று கேட்டாள். அங்கே ஆறு மணிக்கு எல்லோரையும் உட்காரவைத்து ஆள் எண்ணுவார்களாமே. கணக்கு சரி என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்கலாமாமே. இங்கே யாரும் எண்ண மாட்டார்கள் என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் நானே எண்ணினேன். அவள் தலையைத் தொட்டு ஒன்று என்றேன். என்னையும் உட்காரச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தொட்டு ரெண்டு என்றேன். கணக்கு சரி, எழுந்திரு என்றேன்.

எழவில்லை. என்னையும் பார்த்தாள், அறையையும் சுற்றிப் பார்த்தாள். “சரியில்ல சித்தி. ஒரு ஆள் குறையுது.”

ஆள் குறைந்தால் அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

“அவங்க வர்ற வரைக்கும் எல்லாரும் உக்காந்திருக்கணும்.”

உட்கார்ந்திருக்கிறோம் அக்கா.

குட்டி